நத்தை, ஓடில்லா நத்தை தொல்லை: ராத்திரி பிடிக்கிறதுக்கு முன்னாடி பகல்ல எங்க தூங்குதுன்னு பாருங்க

ராத்திரி படுக்கப் போறப்ப 18 பீன்ஸ் நாத்து நின்னுச்சு. காலையில போய் பாத்தா 4 தான் மிச்சம், மத்ததெல்லாம் இலையே இல்லாம வெறும் குச்சியா நிக்குது. இலைக்கு அடியில, தண்டுல, எங்க தேடியும் ஒரு பூச்சி கூட கண்ணுல படல. சரி ஏதோ புழுவா இருக்கும்னு வேப்பெண்ணெய் கரைசல் அடிச்சேன், மறுநாள் அந்த நாலும் காலி. அப்புறம் வெயில் சாய்வா விழுந்தப்ப தான் பாத்தேன், தொட்டி விளிம்புல இருந்து மண்ணு வரைக்கும் காஞ்ச பசை மாதிரி பளபளன்னு ஒரு கோடு போகுது. தொட்டியை தூக்கினா அடியில 7 நத்தை ஒட்டிக்கிட்டு சுகமா தூங்குது. நான் மருந்தடிச்ச அதே தொட்டிக்கு அடியில!

அதுக்கப்புறம் உப்பு, சாம்பல், முட்டை ஓடு, பீர் டப்பான்னு யார் என்ன சொன்னாலும் செஞ்சு பாத்தாச்சு. கடைசியில புரிஞ்சது ஒண்ணு தான், நாம எல்லாரும் ராத்திரி அது திங்கிற இடத்துல சண்டை போடுறோம், ஆனா அது பகல்ல தூங்குற இடத்தை யாரும் தொடறதில்ல. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில தான் போகும், மருந்து கடைசியா வரும், அவசரப்பட்டு நேரா அங்க தாவிடாதீங்க.

முதல்ல, இது நத்தை வேலை தானா?

நத்தை தின்ன இலையில ஓட்டை கோணல்மாணலா இருக்கும், ஆனா ஓட்டையோட ஓரம் வழவழன்னு இருக்கும், பல சமயம் இலை நடுவுலயே விழும். பச்சைப்புழு தின்னாலும் கிட்டத்தட்ட இதே மாதிரி தான் தெரியும். வித்தியாசம் எங்கன்னா, புழு இருந்தா கீழ் இலை மேல கரும்பச்சையா சின்னச் சின்ன உருண்டையா எச்சம் கிடக்கும், நத்தைன்னா அந்த பளபள கோடு இருக்கும். மழை பெஞ்சாலோ நாம தண்ணி தெளிச்சாலோ கோடு அழிஞ்சிடும், அதனால தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி காலையில பாருங்க, டார்ச்சை தரையோட தரையா சாய்ச்சு அடிச்சா பகல்லயும் நல்லா மின்னும்.

நாத்து அடியோட வெட்டுப்பட்டு சாஞ்சு கிடக்கு, ஆனா இலை அப்படியே இருக்குன்னா அது வெட்டுப்புழு. தண்டு பக்கத்துல மண்ணை ஒரு விரல் ஆழத்துக்கு கிளறினா வளையம் மாதிரி சுருண்டு கிடக்கும். அதுக்கு இந்த வழிகாட்டி உதவாது.

சந்தேகம் இருந்தா, இருட்டி ரெண்டு மணி நேரம் கழிச்சு டார்ச்சோட ஒரு சுத்து வாங்க. யாரு தின்னுறான்னு நேர்லயே தெரிஞ்சிடும். இந்த ஒரு வேலையை செஞ்சிருந்தா என்னோட 4 நாத்தாவது பொழச்சிருக்கும்.

எதிராளியை கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்

ஓடு உள்ளது நத்தை, ஓடு இல்லாதது ஓடில்லா நத்தை, ஸ்லக்னும் சொல்றாங்க. சில பேர் இதை அட்டைன்னு சொல்றாங்க, அது வேற, அட்டை ரத்தம் குடிக்கிற ஜாதி, மண்புழுவுக்கு சொந்தம். நத்தையும் ஸ்லக்கும் சிப்பி, கணவாயோட இனம். உடம்பு முக்கால்வாசிக்கு மேல தண்ணி தான், தோலுக்கு மேல அதை காப்பாத்த ஒண்ணும் கிடையாது. அதோட வாழ்க்கை பூரா காயாம இருக்கிறதுக்கான போராட்டம்னு வெச்சுக்கங்க, இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா மிச்சம் எல்லாம் தானா புரியும், ஏன் ராத்திரி வருது, ஏன் மழைக்கு அப்புறம் கூட்டமா வருது, ஏன் கல்லுக்கு அடியில போய் பதுங்குது எல்லாமே.

ஓடு இருக்கிறதுல ஒரு லாபம் இருக்கு. வறட்சி வந்தா நத்தை ஓட்டுக்குள்ள போயி வாசலை ஒரு சவ்வு வெச்சு அடைச்சுக்கிட்டு மாசக்கணக்குல தூங்கும். வெயில் காலத்துல ஒண்ணையும் காணோமேன்னு சந்தோஷப்பட்டா முதல் மழைக்கு மொத்த கூட்டமும் எந்திரிச்சு வரும், எங்கிருந்தும் புதுசா வரல, அங்கயே தான் இருந்துச்சு. ஸ்லக்குக்கு ஓடு இல்லாததால இந்த வசதி இல்ல, அதனால அது மண்ணு வெடிப்புக்குள்ள, வேர் பக்கத்துல, ஈரம் இருக்கிற ஆழத்துக்கு போயிடும். நமக்கு அது இன்னும் தொல்லை, ஏன்னா கிழங்கு, வேர் எல்லாத்தையும் மண்ணுக்குள்ளயே வெச்சு தின்னும், மேல செடி வாடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது.

தலையில ரெண்டு ஜோடி கொம்பு இருக்கும். மேல் ஜோடி நுனியில கண்ணு, வெளிச்சம் இருட்டு தெரியும் அவ்ளோ தான். கீழ் ஜோடி மோப்பம் பிடிக்க, தொட்டு பாக்க. வாய்க்குள்ள அரம் மாதிரி ஒரு நாக்கு, அதுல ஆயிரக்கணக்குல நுண்ணு பல்லு வரிசை வரிசையா இருக்கும், தேய தேய பின்னாடியிருந்து புதுசா வந்துக்கிட்டே இருக்கும். அமைதியான ராத்திரியில ஒரு பெரிய நத்தை முட்டைக்கோஸ் இலையை தின்னும்போது காதை கிட்ட வெச்சு கேட்டிருக்கேன், மெல்லிசா ஒரு உராயுற சத்தம் வந்துச்சு. கோவம் ஒரு பக்கம் இருந்தாலும் கொஞ்ச நேரம் உக்காந்து கேட்டேன்றது உண்மை.

முட்டை விஷயம் தான் முக்கியம். பெரும்பாலான தோட்டத்து நத்தை ஒவ்வொண்ணுலயும் ஆண் உறுப்பும் இருக்கும் பெண் உறுப்பும் இருக்கும், அதனால ரெண்டு சேந்தா ரெண்டுமே முட்டை போட முடியும். உலகத்துல பல இடத்துல காணப்படுற பழுப்பு தோட்டத்து நத்தை ஒரு தடவைக்கு 80 முட்டை மாதிரி போடும், வருஷத்துக்கு 6 தடவை வரைக்கும். ராட்சத ஆப்பிரிக்க நத்தைன்னு ஒண்ணு இருக்கு, ஓடே 20 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், அது ஒரு தடவைக்கே 100, 200னு போடும். 1966ல ஒரு பையன் ஹவாய்ல இருந்து வெறும் 3 நத்தையை ஆசையா மயாமிக்கு எடுத்துட்டு வந்தான், அவன் பாட்டி அதை தோட்டத்துல விட்டுட்டாங்க, 7 வருஷத்துல 18,000க்கு மேல நத்தை, அதை ஒழிச்சு முடிக்க 1975 ஆயிடுச்சு. 2011ல அங்கயே மறுபடியும் முளைச்சு, இன்னொரு பத்து வருஷம் போராடினாங்க. ஓடு அழகா இருக்குன்னு எங்கிருந்தும் தூக்கிட்டு வந்து வளக்காதீங்கன்னு சொல்றதுக்கு இது போதும்.

முட்டை வெள்ளையா, உருண்டையா, முத்து மாதிரி, மண்ணுக்குள்ள ஒண்ணு ரெண்டு அங்குல ஆழத்துல கொத்தா இருக்கும். ஸ்லக் முட்டை கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு எச்சரிக்கை, நர்சரியில வாங்குற தொட்டி மண்ணுல மஞ்சளா சின்ன உருண்டை கலந்திருந்தா அது மெதுவா கரையுற உரம், பல பேர் அதை முட்டைன்னு நினைச்சு மண்ணையே கொட்டிடுறாங்க. கொத்தா ஒட்டிக்கிட்டு இருந்தா முட்டை, மண்ணு பூரா தனித்தனியா சிதறி இருந்தா உரம்.

படி 1: தூங்குற இடத்தை கண்டுபிடிங்க

ஒரு நாள் மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, கையில கிளவுஸ் போட்டுக்கங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன். தோட்டத்துல தூக்கக்கூடிய எல்லாத்தையும் தூக்குங்க. தொட்டி, தொட்டிக்கு கீழ இருக்கிற தட்டு, செங்கல், பழைய பலகை, சுருட்டி போட்ட ஹோஸ், காலி க்ரோ பேக், கவுத்து வெச்ச பக்கெட், கிழிஞ்ச தார்ப்பாய். க்ரோ பேக் மேல் விளிம்பை வெளிப்பக்கமா மடிச்சு விட்டிருப்பீங்க இல்ல, அந்த மடிப்புக்குள்ள விரலை விட்டு பாருங்க, நான் ஒரே பையில 11 குட்டி நத்தை எடுத்திருக்கேன். தொட்டியோட வடிகால் ஓட்டை இன்னொரு பிடிச்ச இடம், அது வழியா உள்ள போயி மண்ணுக்கும் தொட்டி சுவருக்கும் நடுவுல குடியிருக்கும். சுவர்ல படர விட்ட கொடிக்கு பின்னாடி, புல்லு அடர்ந்து தரையோட ஒட்டி இருக்கிற இடம், கம்போஸ்ட் குவியல் ஓரம் எல்லாம் பாக்கணும்.

எங்கெங்க கிடைச்சுதுன்னு மனசுலயாவது குறிச்சுக்கங்க. எங்க தோட்டத்துல மொத்தத்துல பாதிக்கு மேல ரெண்டே இடத்துல தான் இருந்துச்சு, குழாய் அடியில இருந்த செங்கல், அப்புறம் எப்பவோ தேவைப்படும்னு ரெண்டு வருஷமா சாத்தி வெச்சிருந்த பலகை. தேவைப்பட்டதே இல்ல.

எடுக்க முடிஞ்ச மறைவிடத்தை எடுத்துடுங்க. எடுக்க முடியாததை உங்க பொறியா மாத்திக்கங்க, அதாவது அது அங்கயே இருக்கட்டும், நீங்க ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தூக்கி பாத்து அள்ளிக்கங்க. தொட்டியை நேரா தரையில வெக்காம ஸ்டாண்டு மேலயோ மூணு கல்லு மேலயோ வெச்சா அடியில காத்து போகும், காஞ்சுடும், நத்தைக்கு பிடிக்காது. மூடாக்கு போடுறது, அதாவது காஞ்ச இலை, வைக்கோல் வெச்சு மண்ணை மூடுறது, செடிக்கு நல்லது தான், நானும் போடுறேன், ஆனா நாத்து சின்னதா இருக்கிற முதல் மூணு வாரம் தண்டை சுத்தி ஒரு கையகலத்துக்கு மண்ணை வெறுமையா விட்டுடுவேன்.

படி 2: தண்ணி ஊத்துற நேரத்தை மாத்துங்க

இது செலவே இல்லாத வேலை, ஆனா இதை தான் யாரும் செய்யிறதில்ல. சாயங்காலம் ஆபீஸ் முடிச்சு வந்து ஊத்துறது நமக்கு சௌகரியம், நத்தைக்கு அதைவிட சௌகரியம், ராத்திரி பூரா ஈரமா பாய் விரிச்ச மாதிரி ஆயிடும். காலையில ஊத்துங்க, இருட்டுறதுக்குள்ள மேல் மண்ணு காஞ்சிருக்கும், செடிக்கு வேருல ஈரம் இருக்கும். காஞ்ச மண்ணு மேல ஊர்ந்து போகணும்னா நத்தை நிறைய பசை செலவு பண்ணணும், அந்த பசையே அதோட உடம்பு தண்ணி தான். தெளிப்பானுக்கு பதிலா சொட்டு நீர் போட முடிஞ்சா இன்னும் நல்லது, செடிக்கு செடி நடுவுல தரை காஞ்சே கிடக்கும். ஒழுகுற குழாய் இருந்தா முதல்ல அதை சரி பண்ணுங்க.

மழைக்காலத்துல இது எடுபடாது, ஒத்துக்கிறேன். அப்ப மத்த படிகளை இறுக்கி பிடிக்கணும்.

படி 3: ராத்திரி வேட்டை

அருவருப்பா இருந்தாலும் கையால பொறுக்குறது தான் இருக்கிறதுலயே நல்ல வழின்னு நான் சத்தியம் பண்ணி சொல்வேன், ஆனா விடாம செய்யணும். முதல் நாள் 60 பொறுக்கிட்டு பெருமையா ஒரு வாரம் விட்டா ஒண்ணும் ஆகாது. முதல் ரெண்டு வாரம் தினமும், அப்புறம் எண்ணிக்கை குறைய குறைய வாரம் ஒரு தடவை.

மழை பெஞ்சு விட்ட ராத்திரி தான் சிறந்த நேரம். மழை இல்லன்னா, முன்னாடி சொன்னதுக்கு விதிவிலக்கா, வேட்டைக்கு போற அன்னைக்கு மட்டும் சாயங்காலம் பாத்தியை லேசா நனைச்சு விடுங்க, எல்லாம் வெளிய வரும். இருட்டி ரெண்டு மணி நேரம் கழிச்சு போங்க, தலையில மாட்டுற டார்ச் இருந்தா ரெண்டு கையும் சும்மா இருக்கும். கிளவுஸ் இல்லன்னா நீளமான இடுக்கி. இலை மேல மட்டும் பாக்காதீங்க, தண்டோட கவட்டை, தொட்டி விளிம்புக்கு கீழ்ப்பக்கம், சுவர் எல்லாம் பாருங்க. பெருசை மட்டும் பொறுக்கிட்டு குட்டியை விடுறது பெரிய தப்பு, நாத்தை அழிக்கிறதுல நகம் சைஸ் குட்டிங்க கெட்டிக்காரங்க.

பொறுக்கினதை என்ன பண்றது? பக்கெட்ல பாதி தண்ணி, அதுல துணி சோப்பு தூள் ரெண்டு கரண்டி நல்லா கலக்கி அதுல போட்டா முடிஞ்சிடும், மூடி போட்டு வைங்க, இல்லன்னா காலையில சுவர் மேல ஏறிட்டு இருக்கும். வெறும் தண்ணியில போட்டா சீக்கிரம் சாகாது. செத்ததை மறுநாள் ஆழமா குழி தோண்டி புதைச்சுடுங்க.

கொல்ல மனசில்ல, எடுத்து வெளிய விட்டுடுறேன்னு சொல்றவங்க இருக்காங்க. அந்த மனசை நான் குறை சொல்லல, ஆனா பக்கத்து வீட்டு சுவருக்கு அந்தப்பக்கம் எறியிறது மட்டும் வேண்டாம், ஒண்ணு அது அவங்க தோட்டம், ரெண்டாவது நத்தைக்கு வீட்டு வழி தெரியும். 2010ல பிரிட்டன்ல ரூத் ப்ரூக்ஸ்னு ஒரு அம்மா, ஓய்வு பெற்றவங்க, நத்தை ஓட்டுல நெயில் பாலிஷ் வெச்சு அடையாளம் போட்டு தூரத்துல விட்டு விட்டு பாத்தாங்க, 10 மீட்டர் தூரத்துல விட்டது கூட திரும்பி வந்துச்சு. பிபிசி ரேடியோ நடத்துன போட்டியில அந்த ஆராய்ச்சிக்கு தான் முதல் பரிசு. எக்ஸிட்டர் யுனிவர்சிட்டியில நத்தை மேல குட்டி எல்இடி லைட் ஒட்டி படம் எடுத்ததுல, ஒரு நாளைக்கு 25 மீட்டர் வரைக்கும் போகுதுன்னும், ஒண்ணு போட்ட பசைக் கோட்டு மேலயே இன்னொண்ணு ஊர்ந்து போயி சக்தியை மிச்சம் பிடிக்குதுன்னும் தெரிஞ்சுது. ஆக, நடமாட்டம் இருக்கிற வழி இருந்துக்கிட்டே இருக்கும்.

படி 4: பொறி வெக்கிறது

பலகைப் பொறி தான் என் கணக்குல முதலிடம். 12க்கு 15 அங்குலம் மாதிரி ஒரு பலகை, அடியில ஓரத்துல 1 அங்குல உயரத்துக்கு ரெண்டு கட்டை, அவ்ளோ தான். பாத்தி நடுவுல ஈர மண்ணுல வைங்க, ராத்திரி தின்னுட்டு விடியிறப்ப பக்கத்துல இருக்கிற அந்த இருட்டுக்குள்ள புகுந்துக்கும், காலையில திருப்பி போட்டு சுரண்டி பக்கெட்ல தள்ளுங்க. உள் சதை எடுத்த தர்பூசணி தோலை கவுத்து வெச்சாலும் இதே வேலை. ஆனா ஒரு நாள் திருப்பி பாக்க மறந்தா நீங்களே அதுக்கு வீடு கட்டி குடுத்த மாதிரி ஆயிடும்.

பீர் பொறி எல்லாரும் சொல்றது. அதை இழுக்கிறது பீர்ல இருக்கிற போதை இல்ல, புளிச்ச ஈஸ்ட் வாசனை, அதனால தண்ணியில சக்கரையும் ஈஸ்ட்டும் கலந்து புளிக்க விட்டாலும் வேலை செய்யும். டப்பாவை மண்ணுல புதைக்கும்போது விளிம்பு மண்ணுக்கு மேல ஒரு விரல் அளவு நீட்டிக்கிட்டு இருக்கணும், இல்லன்னா நத்தையை திங்கிற நல்ல வண்டெல்லாம் உள்ள விழுந்து செத்துடும். சுவர் செங்குத்தா இருக்கணும், மேல மூடி, பக்கத்துல ஓட்டை, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும். இவ்ளோ பண்ணாலும் கொஞ்ச தூரத்துல இருக்கிறது தான் வரும், தோட்டம் பூரா காலி பண்ணாது. அந்த டப்பாவை கழுவுற அன்னைக்கு மூக்கை பிடிச்சுக்கங்க. நான் மூணாவது தடவையோட விட்டுட்டேன்.

படி 5: தடுப்பு, இதுல நிறைய கட்டுக்கதை

முட்டை ஓடு நொறுக்கி போட்டா நத்தை வயிறு கிழியும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கத்தி முனை மேலயே பசை போட்டுக்கிட்டு நத்தையால ஊர்ந்து போக முடியும், முட்டை ஓடு எந்த மூலைக்கு? பிரிட்டன்ல இருக்கிற ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டிங்கிற தோட்டக்கலை சங்கம் 2018ல செம்பு டேப், கூர் மணல், பைன் பட்டை, கம்பளி உருண்டை, முட்டை ஓடு இந்த அஞ்சையும் லெட்யூஸ் செடிக்கு போட்டு சோதிச்சாங்க, எதுவுமே போடாத செடிக்கும் இதுக்கும் சேதத்துல வித்தியாசம் தெரியலன்னு சொல்லிட்டாங்க. செம்பு மேல நத்தை பசை பட்டா ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும்ங்கிறது தான் அதுக்கு சொல்ற காரணம், 4லிருந்து 6 அங்குல அகல பட்டையா போட்டா பலன் இருக்குன்னு சொல்றவங்களும் இருக்காங்க. போடணும்னா தொட்டிக்கு போட்டு பாருங்க, ஆனா ஏற்கனவே மண்ணுக்குள்ள இருக்கிறதையும் முட்டையையும் எடுத்துட்டு போடுங்க, இல்லன்னா திருடனை உள்ள விட்டு கதவை சாத்துன கதை தான். ஒரே ஒரு இலை வெளிய தொங்கி சுவரை தொட்டாலும் அது பாலம் ஆயிடும்.

சாம்பல், மரத்தூள், டயட்டோமேசியஸ் எர்த்னு விக்கிற மண் பொடி எல்லாம் காஞ்சு இருக்கிற வரைக்கும் ஓரளவுக்கு தடுக்கும். நத்தை வர்றதே ஈரத்துல தான், அந்த நேரத்துல இதெல்லாம் கூழாகி கிடக்கும். மழை படாத இடத்துல வெச்ச தொட்டின்னா போட்டு பாக்கலாம்.

உப்பு வேண்டவே வேண்டாம். நத்தை மேல போட்டா சாகும், அது சரி, ஆனா உப்பு மண்ணை விட்டு போகாது. நான் கோவத்துல ஒரு கத்தரி தொட்டியை சுத்தி வளையமா உப்பு போட்டேன், அன்னைக்கு ராத்திரி மழை, பத்து நாள்ல இலை ஓரமெல்லாம் கருகி செடி போயிடுச்சு. நத்தை கூட அந்த செடியை அவ்ளோ வேகமா முடிச்சிருக்காது.

காபித்தூள் சக்கை பத்தியும் கேப்பீங்க. 2002ல ஹவாய்ல அமெரிக்க விவசாயத்துறை ஆராய்ச்சியாளர்கள் 1, 2 சதவீத காஃபீன் கரைசல் தெளிச்சு நத்தை சாகுதுன்னு கண்டுபிடிச்சாங்க, அது உண்மை. ஆனா நாம குடிக்கிற காபியிலயே பொதுவா அதுல பத்துல ஒரு பங்குக்கும் கம்மியா தான் காஃபீன் இருக்கும், வடிச்சு எடுத்த சக்கையில என்ன மிஞ்சும்? கம்போஸ்ட்ல போடுங்க.

நிச்சயமா வேலை செய்யிற தடுப்பு ஒண்ணு இருக்குன்னா அது நாத்தோட வயசு. நாத்தை தனியா உயரமான மேஜையில வளத்து, 5, 6 நல்ல இலை வந்து தண்டு முறுக்கேறின அப்புறம் பாத்தியில நடுங்க. நட்டதும் அடி வெட்டின பிளாஸ்டிக் பாட்டிலை கவுத்து, கீழ் விளிம்பு ரெண்டு விரல் அளவு மண்ணுக்குள்ள போற மாதிரி அழுத்தி வைங்க, மேல மூடியை கழட்டிடுங்க. வெயில் ஜாஸ்தின்னா பகல்ல எடுத்துட்டு சாயங்காலம் திருப்பி போடுங்க. பெரிய செடியில நாலு ஓட்டை விழுந்தா விழுந்துட்டு போகட்டும், அதுக்கு ஒண்ணும் ஆகாது.

படி 6: மருந்து, அப்பவும் தேவைப்பட்டா

முதல் 5 படியும் செஞ்சும் அடங்கலன்னா அயர்ன் பாஸ்பேட் குருணை நல்ல தேர்வு. இதை தின்னதும் நத்தை திங்கிறதை நிறுத்திடும், ஒரு வாரத்துக்குள்ள போயி மறைவா எங்கயாவது செத்துடும், அதனால தரையில பிணம் கிடக்காது, மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு மேல மேல கொட்டாதீங்க, நாத்துல புது ஓட்டை விழுதான்னு மட்டும் பாருங்க. சாயங்காலம், மண்ணு ஈரமா இருக்கும்போது, லேபிள்ல சொன்ன அளவுக்கு பரவலா தூவணும். குவியலா வெச்சா நாய் வந்து நக்கும். மத்ததை விட பாதுகாப்புன்னாலும் மருந்து மருந்து தான், டப்பாவை குழந்தைங்களுக்கு எட்டாத இடத்துல வைங்க.

மெட்டால்டிஹைடுன்னு இன்னொண்ணு இருக்கு, பல காலமா எல்லாரும் போட்டது. நத்தை வேகமா சுருண்டு விழும், பாக்க திருப்தியா இருக்கும், ஆனா ஈரம் அதிகமா இருந்தா அதுல சிலது தேறி எந்திரிச்சு போயிடும். நாய், பூனை தின்னுச்சுன்னா வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. பறவைங்களுக்கும் ஆபத்துன்னு பிரிட்டன்ல 2022 மார்ச் கடைசியோட வெளியில போடுறதையே நிறுத்திட்டாங்க. வீட்டுல பிராணியோ குழந்தையோ இருந்தா இது பக்கமே போகாதீங்க. வாங்கும்போது பேரை பாக்காம உள்ள என்ன இருக்குன்னு படிச்சு வாங்குங்க.

சில நாடுகள்ல நூற்புழு கிடைக்குது, கண்ணுக்கு தெரியாத புழு, தண்ணியில கலந்து ஊத்தினா மண்ணுக்குள்ள ஸ்லக் உடம்புல புகுந்து கொன்னுடும். கிழங்கு போடுறவங்களுக்கு இது வரப்பிரசாதம், ஏன்னா மண்ணுக்குள்ள இருக்கிறதை வேற எதுவும் தொடாது. மண்ணு ஈரமா இருக்கணும், 5 டிகிரிக்கு மேல சூடு இருக்கணும். பெரிய நத்தைக்கு அவ்ளோவா பலிக்காது.

நத்தையை திங்கிறவங்க

தேரை, தரை வண்டு, பூரான், பறவைங்க எல்லாம் நம்ம கட்சி. மின்மினிப் பூச்சியோட புழுவுக்கு நத்தைன்னா உயிர், அதை பிடிச்சு மயக்கி திங்கும். கண்டபடி பூச்சி மருந்து அடிச்சா முதல்ல போறது இவங்க தான். வாத்து அருமையா பொறுக்கும், ஆனா நாத்தையும் சேத்து பொறுக்கும், அதனால பாத்தி காலியா இருக்கும்போது மட்டும் விடுங்க.

நத்தையை திங்கிற நத்தை ஒண்ணு கூட இருக்கு. 1955ல ஹவாய்ல ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கிறதுக்காக அதை கொண்டு வந்து விட்டாங்க, அது அங்கயே இருந்த அழகான மர நத்தைகளை தின்னு தீத்துச்சு. பிரெஞ்சு பாலினேசியாவுலயும் இதே கதை, சில இனம் பூமியிலயே இல்லாம போச்சு. வெளிய இருந்து எதையும் கொண்டு வந்து விடாதீங்க.

எல்லா ஸ்லக்கும் நம்ம செடியை திங்கிறதில்ல. பிரிட்டன்ல இருக்கிற 44 வகையில 9 தான் தோட்டத்து செடியை கெடுக்குதுன்னு சொல்றாங்க, மிச்சம் அழுகின இலை, பூஞ்சைன்னு தின்னு மண்ணுக்கு உரமாக்குது. உடம்புல சிறுத்தை மாதிரி புள்ளி போட்ட பெரிய ஸ்லக் ஒண்ணு இருக்கு, அது மத்த ஸ்லக்கையே திங்கும். கம்போஸ்ட்ல இருக்கிறதை நான் இப்பல்லாம் தொடறதில்ல.

கிளவுஸ் ஏன்னு கேட்டீங்க

எலி நுரையீரல் புழுன்னு ஒண்ணு இருக்கு. எலி எச்சத்துல இருந்து நத்தைக்கு வரும், நத்தையை பச்சையா தின்னா மனுஷனுக்கு வரும், மூளை உறையில வீக்கம் உண்டாக்கும். 2010ல ஆஸ்திரேலியாவுல ஒரு 19 வயசு பையன் கூட்டாளிங்க முன்னாடி பந்தயத்துக்கு ஒரு ஸ்லக்கை முழுங்கினான், கை கால் முடங்கி 2018ல இறந்துட்டான். பயமுறுத்துறதுக்கு சொல்லல, ஆனா வெறுங்கையால பிடிக்காதீங்க, வேலை முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, தவழுற குழந்தை இருந்தா தோட்டத்துல கண்ணு வைங்க. பச்சையா சாப்பிடுற கீரையை ஒவ்வொரு இலையா பிரிச்சு ஓடுற தண்ணியில கழுவணும், இலை மடிப்புல குட்டி ஸ்லக் நகத்துல பாதி சைஸுல ஒட்டிக்கிட்டு இருக்கும். சமைச்சு சாப்பிட்டா கவலை இல்ல.

எத்தனை நாள் ஆகும்?

முட்டை மண்ணுக்குள்ள இருக்கிறதால முதல் ரெண்டு வாரத்துல குறைஞ்சு, அப்புறம் திடீர்னு குட்டிங்களா கிளம்பும், அப்ப தான் பாதி பேர் வெறுத்து போய் நிறுத்திடுறாங்க. அது ரெண்டாவது செட்டு, அதையும் பொறுக்குங்க, அதுங்க பெருசாகி முட்டை போடுறதுக்கு முன்னாடி பிடிச்சுட்டா சங்கிலி அறுந்துடும். பாத்தி காலியா இருக்கும்போது மேல் மண்ணை ரெண்டு அங்குலம் கிளறி வெயில் காட்டுங்க, வெளிய வந்த முட்டை காஞ்சு போயிடும். நான் சுவர்ல மாட்டுன காலண்டர்ல தினமும் எண்ணிக்கை எழுதினேன், முதல் ராத்திரி 63, மூணாவது வாரம் 9, அஞ்சாவது வாரம் குட்டிங்களோட சேத்து 31, ரெண்டு மாசம் கழிச்சு 3, 4.

குழாய் அடியில இருந்த அந்த செங்கல்லை மட்டும் இன்னும் எடுக்கல, அது இப்ப என்னோட பொறி. நேத்து காலையில தூக்கி பாத்தேன், 2 இருந்துச்சு, ஒண்ணு கட்டை விரல் சைஸ். பீன்ஸ் பந்தல்ல ஏறிடுச்சு.